வரங்கள் பல, வழங்குபவர் ஒருவர்

உடன்பிறந்தோரை ஒப்பிட்டுப் பேசினால் பிள்ளை திருந்தும் எனப் பெற்றோர் பலர் நம்புகின்றனர். ஒரு பிள்ளையை மற்றொன்றினும் உயர்த்துவதன் விளைவை விவிலியத்தின் தொடக்க நூல் காட்டுகிறது. ஈசாக்கின் இரட்டைப் புதல்வருள் ஏசா வேட்டையில் வல்லவன். யாக்கோபு கூடார வாழ்வை விரும்பிய அமைதியானவன். தந்தை மூத்தவனையும் தாய் இளையவனையும் மிகுதியாக நேசித்தனர். அவ்வோரவஞ்சனை சூழ்ச்சிக்கும் பகைக்கும் வழிவகுத்தது. யாக்கோபு 20 ஆண்டுகள் அயல்நாட்டில் வாழ நேர்ந்தது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல், திருச்சபையைப் பல உறுப்புகள் கொண்ட ஓர் உடலாகக் காண்கிறார். கண்ணின் பணியைக் கை செய்யாது. அதனால் கை தாழ்ந்ததாகாது. வரங்கள் வெவ்வேறு; வழங்கும் இறைவன் ஒருவரே. ஆகவே, “உன் அண்ணனைப் பார்” என்னும் ஏச்சு, பிள்ளையின் மனத்தைப் புண்படுத்துவதோடு இறைவனின் கொடையையும் இகழ்கிறது. தன் பிள்ளைக்கு அருளப்பட்டது யாது எனத் தேடிக் காண்பதே பெற்றோரின் கடமை.