எண்டோஸ்கோப்பி படம்: அசலும் வேண்டும்

எண்டோஸ்கோப்பி திரையில் தெரிவது குடலின் அசல் உருவம் அல்ல. குழாய் முனையில் உள்ள அகலக்கோண லென்ஸ் ஓரங்களைச் சுருக்கிக் காட்டும். இது சின்ன விஷயமா? பாலிப் என்னும் சதை வளர்ச்சி 10 மி.மீ.யைத் தொட்டால் அடுத்த சோதனையைச் சீக்கிரமே செய்யச் சொல்வார்கள். கண்மதிப்பில் 8 என்றது நிஜத்தில் 11 ஆக இருந்தால்?

கணினியால் வளைவை நிமிர்த்தலாம். தூரம் தெரியாதே! கிட்டே போனால் எதுவும் பெரிதுதான். அதனால்தான் பயாப்ஸி இடுக்கியை விரித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை.

ஆலங்காயம் பக்கத்துக் காவலூரில் 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வானியலாரும் படங்களைத் திருத்துகிறார்கள். ஆனால் திருத்தாத அசலைத் தனியே வைத்துக்கொள்வார்கள். ஆலங்காயத்திலிருந்து வேலூருக்குச் சோதனைக்குப் போகிறவருக்கும் இரண்டு படங்களும் தரப்பட வேண்டும். இல்லையென்றால் அடுத்த டாக்டர் எதை வைத்துச் சரிபார்ப்பார்?