கண்மாய்களை நீருக்கும் உயிரினங்களுக்கும் மீட்டுத்தரக் கோரும் மனு

அனுப்புநர்: கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்தின் நிர்வாகக் குழு, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், இராமநாதபுரம்.

பொருள்: பருவநிலை மாற்றத்தையும் பல்லுயிர் இழப்பையும் சிற்றூர்கள் எதிர்கொள்ளும் வகையில் கண்மாய்களைச் சீரமைத்தல் – கோரிக்கை.



இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் ஏறத்தாழ 820 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுவதால், அந்த நீரைத் தேக்கி மற்ற மாதங்களுக்கு வைத்துக்கொள்ளும் கண்மாய்களை நம்பியே இங்குள்ள ஊர்கள் காலங்காலமாக வாழ்ந்துவருகின்றன. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயரும்போது அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், புவி வெப்பம் கூடக் கூட, பல நாள் பரவலாகப் பெய்ய வேண்டிய மழை சில நாள்களில் கொட்டித் தீர்ப்பதும், இடையில் நெடுநாள் வானம் பொய்ப்பதும் மிகுகின்றன. இத்தகைய மழையைப் பிடித்துவைக்க இம்மாவட்டத்தில் கண்மாயே முதன்மையான வழி. ஆனால் நீர் தேங்கும் பகுதியான உள்வாயில் வண்டல் மேடிட்டு, வரத்துக்கால்கள், அதாவது கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் ஓடைகள், தூர்ந்துபோன நிலையில், பெருமழை பெய்யும்போது நீர் கலுங்கு எனப்படும் உபரிநீர்ப் போக்கி வழியாக வெளியேறிவிட, தை மாதத்திலேயே கண்மாய் வறண்டுபோகிறது.

இதனால் நேரும் இழப்பை உழவின் போக்கிலிருந்தே உணரலாம். ஆவணி, புரட்டாசியில் ஈரமில்லாத நிலத்தை உழுது, நெல்லை விதைத்து, மழைக்காகக் காத்திருக்கும் புழுதி விதைப்பே இங்கு வழக்கம். முதல் மழையில் முளைத்த பயிர், அடுத்த மழை தள்ளிப்போனால் கருகிவிடும் என்பதால், உழவர் மறுபடியும் விதைநெல் வாங்கி விதைக்க நேர்கிறது. அவ்வாறு தப்பிய பயிரும் மழை ஓய்ந்தபின் பால்பிடிக்கும் பருவத்தை அடையும்போது, கண்மாயிலிருந்து ஒன்றிரண்டு தண்ணீர் கிடைத்தால்தான் பதராகாமல் மணி பிடிக்கும். அந்த ஒன்றிரண்டு தண்ணீரே ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவைத் தீர்மானிக்கிறது என்பதை மாவட்ட நிர்வாகம் கருத்தில் கொள்ள வேண்டும்.

கண்மாய் ஒன்றாக இருந்தாலும் அதன் பொறுப்பு பலரிடம் பிரிந்துகிடக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்புள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. ஆக்கிரமிப்பு அகற்றல் வருவாய்த் துறையைச் சார்ந்தது, பறவைகள் வனத் துறையின் பொறுப்பு, மீன் குத்தகைக்கோ வேறு அலுவலகம். கரையைப் பலப்படுத்தும் பணி ஒருவரிடமும் வரத்துக்காலைத் தூர்வாரும் பணி மற்றொருவரிடமும் இருப்பதால், செப்பனிட்ட கண்மாய்க்கு நீர் வராமல் போகும் நிலை ஏற்படுகிறது. ஆகவே, நீர்ப்பிடிப்பு முதல் கடைமடை வரை ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரே திட்டம் வகுத்து, அதைக் கிராமசபையில் வைத்து ஒப்புதல் பெற்ற பின்னரே நிதி ஒதுக்க வேண்டும் என்பது இச்சங்கத்தின் தலையாய கோரிக்கையாகும்.

அடுத்து, சீமைக்கருவேல் குறித்து விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், விறகுத் தேவைக்காக ஊக்குவிக்கப்பட்டு, இன்று உள்வாய்களை அடைத்து நிற்கிறது. ஆடுகள் இதன் நெற்றைத் தின்று, செரிக்காத விதைகளைப் புழுக்கையோடு கண்மாயெங்கும் இடுகின்றன. மரத்தைத் தரைமட்டத்துக்கு வெட்டினாலும் அடித்தூரிலிருந்து பல கிளைகள் கிளம்பி முன்னைவிட அடர்ந்து வளர்கின்றன. எனவே ஏலம் எடுத்தவர் மேல்மரத்தை மட்டும் வெட்டிச் செல்லும் நடைமுறையை நிறுத்தி, தூரையும் வேரையும் தோண்டியெடுப்பதை ஏல நிபந்தனையாக்க வேண்டும். ஊடுருவும் அயல் தாவரங்களை அகற்றுவது குறித்துத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட கொள்கைக்கும் இதுவே பொருத்தமானது.

எனினும், ஒரே வீச்சில் எல்லாவற்றையும் அழிப்பதை இச்சங்கம் ஏற்கவில்லை. நாட்டுக் கருவேல் குறைந்துபோன கண்மாய்களில் நாரைகளும் கொக்குகளும் இன்று சீமைக்கருவேலிலேயே கூடு கட்டுகின்றன. ராம்சார் பட்டியலில், அதாவது 1971இல் உருவான பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில், இம்மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகியவை 2022இலும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகியவை 2025இலும் இடம்பெற்றவையாக அறிவிக்கப்பட்டன. இவை யாவும் பாசனத்துக்கு வெட்டப்பட்ட கண்மாய்களே. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பதை உழவர்கள் நன்கறிவர். ஆகவே, குஞ்சுகள் பறந்துபோன பின்னரே மரங்களைப் பகுதி பகுதியாக அகற்றி, அவ்விடங்களில் நடும் நாட்டுக் கருவேலும் நீர்மருதும் கூடு தாங்கும் அளவுக்கு வளர்ந்த பின்பே எஞ்சியவற்றை நீக்க வேண்டும். சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்த அகற்றும் பணியிலும் கன்று வளர்க்கும் பணியிலும் முன்னுரிமை தர வேண்டும். அவர்களின் அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யும் சீரமைப்பை ஊர் ஏற்காது.

வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வழங்கும் ஏற்பாடு வரவேற்கத்தக்கது. ஆனால் கரையடியில் குழி பறித்தால் கரை பலவீனமாகும் என்பதால், எடுக்க வேண்டிய இடத்தையும் ஆழத்தையும் முன்கூட்டியே கல் நட்டுக் குறிக்க வேண்டும். கண்மாய் வற்றும் வேளையில் மீன் குத்தகைதாரர் எஞ்சிய நீரை இறைத்துவிட்டுப் பிடிப்பதால், விராலும் கெளுத்தியும் அயிரையும் அடுத்த பருவத்துக்கு வித்தின்றி அழிகின்றன, கால்நடைகளுக்கும் குடிநீர் இல்லாமல் போகிறது. எனவே, மடைமட்டத்துக்குக் கீழுள்ள நீரை இறைக்கக் கூடாது என்பதையும், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக் கூடாது என்பதையும் குத்தகை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் பயிர், மரம், விலங்கு, மூலிகை ஆகியவற்றையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் பதிவது அதன் பணி. இக்குழுக்கள் காகிதத்தில் நில்லாமல், கண்மாய் நீரைப் பங்கிட்டுவிடும் நீர்பாய்ச்சிகள், ஆடு மேய்ப்போர், விதை காத்துவரும் பெண்கள் ஆகியோரை உறுப்பினராகக் கொண்டு இயங்க வேண்டும். உப்பைத் தாங்கும் குழியடிச்சான், மானாவாரிக்கேற்ற சித்திரைக்கார் முதலிய நெல் வகைகளுக்கு ஒன்றியந்தோறும் விதை வங்கி அமைய வேண்டும். ஊர் முன்வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, பறவைகளுக்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிக்காத சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி மக்களே சான்று.

பயிர்க் காப்பீட்டைப் பொறுத்தவரை, முளைத்த பயிர் கருகி மறுவிதைப்புச் செய்த செலவும் இழப்பாகக் கணக்கிடப்பட வேண்டும். மழை தள்ளிப்போனதை நிறுவ ஊராட்சிதோறும் மழைமானி தேவை.

மண்வேலைக்கு ஏற்ற காலம் கண்மாய் வற்றிக்கிடக்கும் சித்திரை முதல் ஆடி வரை என்பதால், தொடர்புடைய அனைத்துத் துறையினரையும் பாசன விவசாயிகளையும் அழைத்துப் பங்குனிக்குள் ஒரு கூட்டத்தைக் கூட்டி, இவ்வாண்டில் எடுத்துக்கொள்ளப்படும் கண்மாய்களின் பட்டியலை அக்கூட்டத்திலேயே அறிவிக்குமாறு இச்சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்