இது நெல் அறுக்குமா?

"இது நெல் அறுக்குமா?"

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில், அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக வந்திருந்த ஒருவர் ஒரு பையனைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. பையனுக்கு முன்னால் மேஜைமேல் ஒரு கதிர் அறுக்கும் யந்திரம் நின்றது. நிஜ யந்திரத்தில் பதினாறில் ஒரு பங்கு அளவு. "அறுக்காதுங்க ஐயா" என்றான் பையன். நடுவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். அங்கே ஓர் எரிமலை காத்திருந்தது. சோடா உப்பில் வினிகரை ஊற்றினால் சிவப்பாக நுரைத்துக்கொண்டு பொங்குமே, அந்த எரிமலை. பெட்டியில் போட்டுக் கடையில் விற்கிறார்கள். முதல் பரிசு எரிமலைக்குக் கிடைத்தது.

பரிசை எடுத்துக் கொடுத்தவன் நான். சிறப்பு விருந்தினன் என்று கூப்பிட்டு, மாலை போட்டு, மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். மாலையின் கனத்தில் வாய் அடைத்துப் போயிற்று. அன்று பேசாததை இன்று எழுதுகிறேன். பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிப் படுகையில் எரிமலை கிடையாது. கதிர் அறுக்கும் யந்திரம் உண்டு. தை, மாசி மாதங்களில் சம்பாவும் தாளடியும் முற்றி நிற்கும்போது, எந்த டீக்கடை வாசலில் பார்த்தாலும் ஒன்று நிற்கும். காய்ந்த வயலுக்கு 'டயர் வண்டி', சேற்று வயலுக்கு 'பெல்ட் வண்டி' என்று ஊரில் பெயர். மணிக்கு இவ்வளவு வாடகை என்பது நம் விவசாயிக்கு மனப்பாடம். அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். "முன்னாடி கதிர் போகுது, பின்னாடி வைக்கோல் விழுது" என்பார். நடுவில் நடப்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பையனுக்குத் தெரியும்.

எப்படித் தெரிந்தது? விழா முடிந்ததும் அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். டிரைவர்கள் சாப்பாட்டுக்கு இறங்கும் நேரம் பார்த்து, தையற்கார மாமாவின் அளவு நாடாவை வைத்துக்கொண்டு யந்திரத்தை அங்குலம் அங்குலமாக அளந்திருக்கிறான். இரண்டு முறை விரட்டினார்களாம். மூன்றாம் முறை ஒரு டிரைவர் மனமிரங்கி, பக்கத்துத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினாராம். கத்தியின் அகலம் ஏழடி. பதினாறால் வகுத்தால் ஐந்தேகால் அங்குலம். இப்படி ஒரு நோட்டு முழுவதும் கணக்கு. உடம்புக்கு, விளம்பரப் பலகை செய்பவர் வெட்டி எறிந்த ஃபோம் ஷீட் துண்டுகள். சுழலும் ரீலுக்குப் பழைய குடைக் கம்பி. பெல்ட்டுக்குச் சைக்கிள் ட்யூப். கடையில் வாங்கியது ஃபெவிக்விக் மட்டும்தான்.

இதில் ஓர் இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கத்தி அறுத்த கதிர் ஏழடி அகலத்துக்கும் பரவி விழுகிறது. உள்ளே போகும் வாய் அவ்வளவு அகலமில்லை. பரவிக் கிடப்பதை வாய்க்கு ஒதுக்கித் தருவது ஒரு திருகு உருளை. பையன் முதலில் உருளை முழுவதற்கும் ஒரே பக்கமாகத் திருகு வைத்துவிட்டான். தென்னை ஈர்க்கை நறுக்கிப் போட்டு, கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். ஈர்க்கெல்லாம் ஒரு மூலைக்கு ஓடி அடைத்துக்கொண்டது. மறுநாள் வயலுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. நிஜ யந்திரத்தில் இடப்பக்கத் திருகு ஒரு முறுக்கு, வலப்பக்கத் திருகு அதற்கு எதிர் முறுக்கு. இரண்டும் ஆளுக்கொரு பக்கமிருந்து கதிரை நடுவுக்குத் தள்ளுகின்றன. இத்தனை வருஷமாக அந்த யந்திரத்தைக் கடந்து போகிறேன். என் கண்ணில் இது பட்டதில்லை. தட்டையான வட்டத் தகட்டின் நடுவில் துளையிட்டு, ஓர் ஓரத்தில் வெட்டி, இழுத்து விட்டால் அது திருகின் ஒரு சுற்று ஆகிவிடும் என்பதை அவன் பால் பாக்கெட்டு அட்டையில் செய்து பழகியிருக்கிறான். தவறு செய்து, தவற்றைக் கையால் கண்டு, கையாலேயே திருத்தியிருக்கிறான். விஞ்ஞானம் என்பதற்கு வேறு ஏதாவது அர்த்தம் இருந்தால் அந்த நடுவர் எனக்குச் சொல்லட்டும்.

இனி அவர் கேள்விக்கு வருவோம். இது நெல் அறுக்குமா? அறுக்காது. அறுக்கவும் முடியாது. யந்திரத்தைப் பதினாறில் ஒன்றாகச் சுருக்கலாம். நெல்மணியை யார் சுருக்குவது? எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள நெல் அந்தச் சின்ன யந்திரத்துக்கு முன்னால் ஐந்தங்குல நீளக் கட்டையாகத் தோன்றும். மூன்றடிப் பயிர் நாற்பத்தெட்டு அடித் தென்னையாக நிற்கும். தென்னந்தோப்பை அறுக்கவில்லையே என்று ஒரு யந்திரத்தைத் தோற்கடிப்பது என்ன நியாயம்? ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவர் கேட்கக் கூடாத கேள்வியை விஞ்ஞானப் போட்டியின் நடுவர் கேட்டார்.

"என்ன இருந்தாலும் பொம்மைதானே!" என்கிறார் ஒரு நண்பர். பொம்மைதான். அமெரிக்காவில் 1836-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிதாக யந்திரம் கண்டுபிடித்தவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கும்போது அதன் சின்ன உருவத்தையும் செய்து கொண்டுவர வேண்டியிருந்தது. பன்னிரண்டு அங்குலத்துக்கு மேற்படக் கூடாது என்று விதி இருந்தது. குதிரை இழுத்த அறுவடை யந்திரங்கள் பலவும் அந்த அலுவலகத்துக்குள் பொம்மைகளாகத்தான் நுழைந்தன. மணலில் தட்டிய படகைத் தூக்கிவிட ஆபிரகாம் லிங்கன் ஒரு வழி கண்டுபிடித்து 1849-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய மரப் படகு பொம்மையை இன்றும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். உலக யுத்தம் முடிந்த 1945-ல் அயோவா மாகாணத்தில் ஃப்ரெட் எர்ட்ல் என்பவர் வீட்டு நிலவறையில் அலுமினியத்தை உருக்கி டிராக்டர் பொம்மை வார்த்தார். அது பெரிய தொழிலாக வளர்ந்தது. அங்கே பண்ணை யந்திரப் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த நாட்டுப் பண்ணைப் பொம்மைகளின் வழக்கமான அளவு என்ன தெரியுமா? பதினாறில் ஒன்று. நம் பையன் தன் நோட்டில் போட்ட அதே கணக்கு.

இன்னொரு நண்பரின் ஆட்சேபம் இவ்வளவு லேசானதல்ல. அவர் தொழிலாளர் பக்கம் நிற்பவர். "கூலிக்காரன் வயிற்றில் அடித்த யந்திரத்துக்குப் பொம்மை வேறு செய்து கும்பிட வேண்டுமா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் தலை குனிகிறேன். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட தகராறின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நாற்பத்துநான்கு பேர் ஒரு குடிசைக்குள் வெந்து மடிந்தார்கள். அடுத்த வருஷமே கிழக்குத் தஞ்சைக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பிறகு யந்திரம் வந்தது. கூலித் தகராறில் ஒரு கட்சியையே வயலிலிருந்து அனுப்பிவிட்டால் தகராறு தீர்ந்துதானே போகும்!

ஆனால் நண்பருக்கு ஒன்று சொல்வேன். அந்தப் பையனின் தாய் கருக்கரிவாள் பிடித்தவள். பதினைந்து வருஷம் கதிர் அறுத்து, கட்டுக் கட்டிக் களத்துக்குச் சுமந்தவள். இப்போது அரிவாள் கூரை எரவாணத்தில் செருகியிருக்கிறது. தன் தாயை வயலிலிருந்து வெளியேற்றிய பூதத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை பயப்படவில்லை, கும்பிடவுமில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அதன் வயிற்றுக்குள் புகுந்து பார்த்தான். எதிரியாகவே இருந்தாலும் எதிரியின் எலும்பை எண்ணத் தெரிந்தவன் அல்லவா அவனிடம் நியாயம் கேட்க முடியும்?

நமக்கு எண்ணத் தெரியாததால் என்னென்ன இழந்தோம்! கையால் அறுத்த கதிர் ஓரிரு நாள் வயலிலேயே காயும். யந்திரம் அறுத்த நெல் அந்த ஈரத்தோடேயே மூட்டைக்கு வருகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் வழக்கமாகப் பதினேழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ரோட்டு ஓரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறோம். நீள வைக்கோல் நொறுங்கி வயலில் சிதறுகிறது. அதைச் சுருட்டிக் கட்ட இன்னொரு யந்திரத்துக்கு இன்னொரு வாடகை. நம் களிமண்ணுக்கும், நம் மழைக்கும், நம் மாட்டுக்கும் ஏற்றபடி இதை மாற்ற முடியாதா என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் எங்கிருந்து வருவான்? பெட்டியில் விற்ற எரிமலையிலிருந்தா?

தஞ்சாவூருக்குக் கை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏரியில் விளையும் நெட்டியைச் சீவிப் பெரிய கோயிலை உள்ளங்கை அளவுக்குச் செய்துவிடுகிறார்கள் நம் கலைஞர்கள். அந்த நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான். ஆயிரம் வருஷத்துக்கு முன் கட்டியதைச் சின்னதாகச் செய்தால் கலை. இன்று வயலில் ஓடுவதைச் சின்னதாகச் செய்தால் வேலையற்ற வேலை! இது எந்த ஊர் நியாயம்? பாட்டன் கட்டிய கோபுரத்தைக் காட்டிக்கொண்டே பேரன் கையைக் கட்டிப்போடுகிறோம்.

அன்று மாலை அவன் வீட்டுத் திண்ணையில் அந்த யந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து வந்த தாய் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு மகனைக் கேட்டாள்:

"ஏண்டா, மழையில படுத்துக் கெடக்குற பயிர இது எப்புடி எடுக்கும்? நாங்க எடது கையால வாரித் தூக்கிக்கிட்டுல்ல அறுப்போம்?"

குனிந்து, இல்லாத பயிரை இடது கையால் வாரிக் காட்டினாள். விரல்கள் கீழ்நோக்கி இறங்கி, அணைத்து, மேலே வந்தன.

பையன் அவள் விரலையே பார்த்தான். பிறகு தன் ரீலைப் பார்த்தான். அதில் குடைக் கம்பி விரல்களை அசையாமல் ஒட்டிவிட்டிருந்தான். ரீல் மேலே சுற்றும்போது விரல்களும் வானத்தைப் பார்த்தன. "அந்த வண்டியில சுத்தும்போதும் வெரல் கீழ பாத்துக்கிட்டேதாம்மா இருக்கு. நான்தான் தப்பா ஒட்டிட்டேன்" என்றான். உடனே உட்கார்ந்து பிய்க்க ஆரம்பித்துவிட்டான்.

கண்காட்சியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு திண்ணையில் கேட்டேன். கேட்டவள் மேடை ஏறாதவள். அடுத்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடமாவது என்னைச் சிறப்பு விருந்தினனாகக் கூப்பிட்டால், மாலை வேண்டாம். நடுவர் நாற்காலியில் அப்படி ஒருத்தியை உட்கார வையுங்கள் என்பேன். சம்மதமானால் வருகிறேன்.