பூசாத சுவர்

வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: இன்னும் ஐந்து ஆண்டுகளில் எங்கே இருப்பீர்கள்? பதில்களும் ஏறக்குறைய ஒன்றுதான். மேலாளர், முதுநிலை மேலாளர், துணைப் பொது மேலாளர். அதற்குள் ஒரு ஃபிளாட், ஒரு கார். இருபத்தைந்து வயது இளைஞர் இதைத் தயங்காமல் சொல்லிவிட்டால் லட்சியம் உள்ளவர் என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் எந்த வேலையைச் செய்து முடித்திருப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றலாம். என்ன ஆக வேண்டும் என்பது ஒரு வகை இலக்கு. என்ன செய்ய வேண்டும் என்பது வேறு வகை. முதல் வகை எதையும் கைவிடச் சொல்வதில்லை. பதவி உயர உயர மேஜை பெரிதாகும், அறை பெரிதாகும், கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்புகள் பெருகும். அங்கே எளிமை என்றால் பிழைக்கத் தெரியாதவர் என்று பொருள். இரண்டாவது வகை இலக்கு ஒரு சல்லடை. செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று தீர்மானமாகிவிட்டால், அதற்குத் தேவையில்லாதவை எவை என்பதும் தெரிந்துவிடும். வேலையில் எளிமை வருவது சுபாவத்தால் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கணக்கால் வருவது.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வாழ்க்கை இதற்கு நல்ல சாட்சி. 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, அங்கேயே கட்டடக்கலை படித்தவர். க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்தாமல் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது மகாத்மா காந்தியைச் சந்தித்தார். கந்தல் துணியால் செய்த அவருடைய காலணி காந்தியின் கவனத்தை ஈர்த்தது என்பார்கள். ஒரு லட்சிய கிராமத்தில் வீடுகள் ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்பது அப்போது காந்தி சொன்ன கருத்து. இங்கிலாந்தில் பயின்ற இளைஞருக்கு அது நடைமுறைக்கு ஒத்துவராத யோசனையாகப் பட்டது. பின்னாளில் பேக்கரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1945-ல் அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். தொழுநோயாளிகளுக்கான பழைய விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றுவது வேலை. பர்மிங்ஹாமில் படித்த பாடங்கள் இங்கே உதவவில்லை. மண், மூங்கில், சாணம், செம்பாறாங்கல் எதுவும் அந்தப் பாடப் புத்தகங்களில் கிடையாது. 1948-ல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்த பிறகு, இருவரும் இமயமலைச் சரிவில் உள்ள பித்தோராகட்டில் குடியேறினார்கள். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில், நேபாள எல்லையை ஒட்டிய பகுதி அது. மனைவி வைத்தியம் பார்த்தார். கணவர் அவருக்கு உதவினார், மற்ற நேரத்தில் கட்டினார்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தபோதுதான் காந்தி சொன்னதன் பொருள் புரிந்தது. மலைவாசிகள் அருகிலிருக்கும் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்துக்கொண்டு குளிர், மழை, சரிவு மூன்றையும் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் அவர்களிடம் மாணவரானார்.

1960-களில் கேரளத்துக்கு வந்து, பிறகு திருவனந்தபுரத்தில் நிலைத்தபோது பேக்கருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. பொதுவாக அந்த வயதில் கட்டடக் கலைஞர்கள் பெரிய அலுவலகம், பெரிய வாடிக்கையாளர்கள் என்று விரிவார்கள். பேக்கரின் இலக்கு வேறு. சாதாரண வருமானக்காரர் கடனில் மூழ்காமல் கட்டிக்கொள்ளக்கூடிய, வசிக்க நன்றாக இருக்கிற வீடு. இதை முடிவு செய்த பிறகு அவருடைய தொழில் முறை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்தது. எதைச் செய்யும்போதும் இது தேவைதானா என்று தன்னையே கேட்டுக்கொள்வதை அவர் விதியாக வைத்திருந்தார். தேவையில்லை என்றால் செய்யக்கூடாது.

சுவரிலிருந்து தொடங்கினார். செங்கலைப் படுக்கவைத்துக் கட்டுவது வழக்கம். நெட்டுக்குத்தாக நிறுத்தி, இரண்டு வரிசைகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினால் அதே ஒன்பது அங்குலச் சுவர் சுமார் கால் பங்கு குறைவான செங்கல்லில் எழும்பிவிடும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டையும் தணிக்கும். எலிப்பொறிக் கட்டு என்று பெயர் பெற்ற இந்த முறை இங்கிலாந்தில் முன்பே இருந்ததுதான். கேரளத்தில் அதைப் பரப்பியவர் பேக்கர்.

அடுத்து பூச்சு. நல்ல செங்கல்லை ஒழுங்காக அடுக்கியிருந்தால் அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் பெயின்ட் அடிப்பது எதற்கு? பூச்சைக் கைவிட்டார். ஜன்னல் என்றால் மரச் சட்டம், கண்ணாடி, கம்பி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் வேண்டும். காற்றும் வெளிச்சமும் மட்டும் போதும் என்கிற இடங்களில் செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டு ஜாலிச் சுவர் கட்டினார். கூரையையும் விடவில்லை. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தால் சிமென்ட்டும் கம்பியும் மிச்சம். வட்டச் சுவர்களை அவர் விரும்பியதிலும் கணக்கு இருக்கிறது. ஒரே பரப்பளவுள்ள சதுர அறையைவிட வட்ட அறைக்குச் சுவரின் நீளம் சுமார் 11 சதவீதம் குறைவு.

திருவனந்தபுரம் தம்பானூரில், ரயிலும் பஸ்ஸும் ஏறுபவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போகும் இண்டியன் காஃபி ஹவுஸ் அவர் வடிவமைத்ததுதான். சுருளாக மேலே ஏறும் செங்கல் உருளை. அதன் ஓரத்திலேயே மேஜைகள், பக்கத்தில் துளைச் சுவர் வழியே காற்று. உள்ளூரில் 1970-களின் தொடக்கத்தில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவருடைய பெரிய சாதனை. மேடும் பள்ளமுமான நிலத்தைச் சமன் செய்யாமல், மரங்களை வெட்டாமல், அவற்றை ஒட்டியே சுவர்களை வளைத்தார். வீடுகளைப் பொறுத்தவரை, அவர் கட்டியவை ஆயிரத்துக்கும் அதிகம்.

இந்த எளிமைக்கு விலை இருந்தது. கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். செலவைக் குறைக்கக் குறைக்கக் குறைவது வடிவமைப்பாளரின் வருமானம். பேக்கர் தெரிந்தேதான் அந்தத் திசையில் நடந்தார். பெரிய அலுவலகம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் எழுதிய காகிதங்களில், பழைய உறைகளின் பின்புறத்தில் வரைபடம் போட்டார். வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கவும் இல்லை. கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே போய்க் கொத்தனார்களோடு நின்று, தேவைப்பட்டால் அங்கேயே திட்டத்தை மாற்றினார். எளிய வேலை சுலபமான வேலை அல்ல. பூச்சு இல்லாத சுவரில் கொத்தனாரின் ஒவ்வொரு பிசகும் வெளியே தெரியும். மூடி மறைக்க எதுவும் இல்லாததால் அடிப்படை வேலை சரியாக இருந்தாக வேண்டும்.

எதிர்ப்பும் குறைவில்லை. பொதுப்பணிப் பொறியாளர்களின் வழக்கமான மதிப்பீடுகளில் இந்த முறைகளுக்கு இடம் இல்லை. நடுத்தரக் குடும்பங்களுக்கோ பூசாத வீடு பாதியில் பணம் தீர்ந்துபோன வீடு. புதுமனை புகுவிழாவுக்கு வரும் உறவினர் எப்போது பூசப்போகிறீர்கள் என்று கேட்டுவிடுவார் என்ற பயம். தொழில்ரீதியான ஆட்சேபங்களில் நியாயமும் உண்டு. தரமற்ற செங்கல்லைப் பூசாமல் விட்டால் மழையில் ஈரம் ஏறும். எலிப்பொறிக் கட்டுக்குச் சீரான செங்கல்லும் பழகிய கையும் வேண்டும், இரண்டும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. சூளைச் செங்கல் எரிபொருளை விழுங்குகிறது என்பதைப் பேக்கரே எடுத்துச் சொல்லி, மண் வீடுகளைப் பற்றிக் கையால் படம் வரைந்து கையேடு எழுதினார். தன்னுடைய முறையையும் அதே கேள்வியால் சோதித்த மனிதர்.

அவர் தனியாளாகவும் நிற்கவில்லை. 1985-ல் முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு இந்த முறைகளைக் கேரளமெங்கும் கொண்டுசென்றது. 1990-ல் பத்மஸ்ரீ வந்தது. 2007-ல், தொண்ணூறாவது வயதில் பேக்கர் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பூசாத செங்கல் இன்று நாகரிகம். பெரிய நகரங்களின் விலை உயர்ந்த உணவகங்களில், சுவரை ஒழுங்காகக் கட்டி, பூசி, அதன்மேல் செங்கல் போலத் தோன்றும் மெல்லிய ஓடுகளை ஒட்டுகிறார்கள். தோற்றம் பேக்கருடையது, கணக்கு அவருடையது அல்ல. இலக்கைக் கழற்றிவிட்டு எளிமையை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் இன்னொரு பூச்சுதான். காதி உடுத்தி ஆடம்பரமாக வாழ்பவர்களைப் பார்த்துப் பழகிய தேசத்துக்கு இது புதிதில்லை.

கட்டடத் தொழிலுக்கு மட்டும் உரியதா இது? மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன கைகள் அவருடையவை. தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்பது இலக்கு. அதை வைத்து ஒவ்வொரு வேலையையும் பிரித்தார். அறுவை மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியது எதுவோ அதை அவர் செய்ய, மற்றவற்றைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்வார்கள். ஒரு நோயாளிக்கு முடிந்ததும் மருத்துவர் அடுத்த மேஜைக்குத் திரும்புவார், அங்கே அடுத்தவர் தயாராக இருப்பார். பணம் கொடுக்க முடியாதவர்களுக்கும் பார்வை கிடைத்தது இந்த எளிய ஏற்பாட்டால்.

பேக்கரும் வெங்கடசாமியும் சொந்தமாக முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள், மேலதிகாரிக்குக் கீழே வேலை செய்பவர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அலுவலகங்களில் தேவையில்லாதவற்றில் பெரும்பகுதி மேலிருந்து வருவதுதான். யாரும் படிக்காத மாதாந்திர அறிக்கை, இரண்டு பேர் பேசி முடிக்க வேண்டிய விஷயத்துக்குப் பத்து பேர் உட்காரும் கூட்டம், சொல்ல வேண்டியதைவிட அலங்காரம் அதிகமாக உள்ள கணினித் திரைக் காட்சி. இவற்றை நிறுத்தும் அதிகாரம் கீழ்நிலை ஊழியருக்கு இல்லை.

ஆனாலும் அவர் கைக்கு எட்டும் இடம் ஒன்று எப்போதும் இருக்கிறது. ஓய்வூதியப் பிரிவில் ஒரு கிளார்க்கை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு சூப்பிரண்டன்ட் ஆக வேண்டும் என்பது அவர் இலக்கானால், கவுன்டருக்கு முன்னால் நிற்கும் பெண் அதில் எங்கும் வருவதில்லை. கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு வந்தவரை மூன்றாவது முறை அலைய விடக்கூடாது என்பது இலக்கானால், மறுநாளே அவர் மேஜையில் சில விஷயங்கள் மாறும். எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். ஏற்கெனவே கோப்பில் இருக்கும் நகலை மறுபடியும் கேட்க மாட்டார். குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் ஒரே தடவையில் சொல்லிவிடுவார். இதற்கு அரசாணை வேண்டாம், செலவும் இல்லை. பதவி உயர்வு இதனால் வராமலும் போகலாம். பேக்கருக்கும் வருமானம் குறைந்தது.

வாழ்க்கைக்கு இலக்கு எழுத உட்காருபவர்கள் தாளில் இரண்டு பத்திகள் பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு பக்கம், யாருக்கு எதைச் செய்யப்போகிறோம் என்பது. மறுபக்கம், அதற்காக எதை நிறுத்தப்போகிறோம் என்பது. இரண்டாவது பத்தி காலியாகவே இருந்தால், முதல் பத்தியில் எழுதியதை ஒருமுறை திரும்பப் படிக்க வேண்டும். அது ஒரு வேலையாக இல்லாமல் ஏதோ ஒரு நாற்காலியின் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம்.