ஊதியவன் யார்?

கண்ணாடிக் கலையின் பாரம்பரியம் என்று பேச்சு வந்தால், எல்லோரும் வடிவத்தைக் கற்பித்த கலைஞனைப் புகழ்கிறார்கள். ஊதிச் செய்தவனைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

பின்லாந்து தேசத்தில் நூட்டயார்வி என்றொரு கிராமம். 1793-ல் அங்கே கண்ணாடி ஆலை ஏற்பட்டது. ஒய்வா டொய்க்கா என்ற கலைஞர் 1970-களில் அந்த ஆலைக்காகக் கண்ணாடிப் பறவைகளைக் கற்பனை செய்யத் தொடங்கினார். இன்று பல தேசங்களிலும் அவற்றை ஆசையாகச் சேர்த்து வைக்கிறார்கள். ஒரு பறவையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் டொய்க்காவின் பெயர் கீறியிருக்கும். தன் மூச்சைக் கொடுத்து அதன் வயிற்றை உப்ப வைத்தவன் பெயரைக் காணோம்!

"அவன் வெறும் கைதானே? மூளை கலைஞனுடையது அல்லவா?" என்று கேட்பார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்த குழம்பை இரும்புக் குழலின் நுனியில் எடுத்து, சுழற்றிக்கொண்டே ஊதுகிறான். சுழற்சி நின்றால் குழம்பு ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். மூச்சு மிஞ்சினால் சுவர் மெலிந்துபோகும். எந்தக் கணத்தில் மறுபடி உலையில் காட்டுவது, எந்தக் கணத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் கலைஞன் வரைந்த படத்தில் இல்லை. இதற்கு மூளை வேண்டாமாம்! கீர்த்தனையை இயற்றியவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர். பாடுகிறவர் பெயர் இல்லாமல் கச்சேரி விளம்பரம் போடுகிறோமா?

டொய்க்கா மேதைதான்; மறுக்கவில்லை. ஆனால் அவர் வரைந்த படத்தைப் பெட்டியில் பூட்டி நூறு வருஷம் கழித்து எடுத்தாலும் அது படமாகவே இருக்கும். ஊதும் வித்தையைப் பூட்டி வைக்க முடியாது. உலையருகே ஒருவன் கையைப் பார்த்து இன்னொருவன் பழகினால்தான் அது பிழைக்கும்.

2014-ல் நூட்டயார்வி ஆலையை மூடிவிட்டார்கள். பறவைகளின் உற்பத்தி ஈட்டலா என்ற ஊருக்குப் போயிற்று. 2023-ல் யுனெஸ்கோ, கையால் கண்ணாடி செய்யும் அறிவையும் திறமையையும் மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதைக் கேட்டு வாங்கிய ஆறு தேசங்களில் பின்லாந்தும் ஒன்று. பட்டியலில் ஏறியது வடிவம் அல்ல, வேலைத்திறமை என்பதைக் கவனியுங்கள்.

பட்டியலில் திறமைக்கு இடம் கொடுத்தாயிற்று. பறவையின் அடியில் திறமைசாலிக்கு ஓர் அங்குல இடம் கொடுத்தால் என்ன? ஒரு பெயரைக் கீறுகிற ஊசி இரண்டாவது பெயரையும் கீறாதா?