கைதூக்கும் நேரம்

கயத்தாற்றில் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட கதையைக் கேட்டே வளர்ந்த கோவில்பட்டி வட்டாரத்தாருக்கு, துரோகி என்ற மாத்திரத்தில் எட்டப்பன் என்ற பெயரே நாவில் எழுகிறது. ஆனால் சரித்திரத்தை நிதானித்துப் பார்த்தால், எட்டயபுரத்துப் பாளையக்காரர் கும்பினியார் பக்கம் நின்றது ஒளித்து மறைத்து அன்று; படையோடும் பகிரங்கமாகவும் நின்றார். அதை வெறுப்பவர் வெறுக்கலாம். எனினும், நம்மோடு இருந்து, நம்மோடு உண்டு, கைதூக்கும் வேளையில் மட்டும் கழுத்தறுக்கிற மறைவான துரோகி முற்றிலும் வேறு ஜாதி. அவனைக் கண்டுபிடிக்கும் வித்தையை, ஒரு பரம்பரையையே இரண்டு நூற்றாண்டாக ஏசிவந்தும் நாம் கற்கவில்லை.

கழுகுமலையில் வெட்டுவான் கோவில் பாறைக்குக் கீழே, வெயில் தாழ்ந்த பிறகு வட்டமாக உட்கார்ந்து ‘மாஃபியா’ ஆடுகிற கல்லூரிப் பிள்ளைகள் அதைக் கற்று வருகிறார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். 1986இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் பயின்ற திமீத்ரி தவீதோவ் வகுத்த ஆட்டம் அது. ஒன்பது பேரில் இருவர் இரகசியத் துரோகிகள். இரவென்று எல்லாரும் கண்மூடியிருக்கையில் அவர்கள் ஒருவரை நீக்குவார்கள். பகலில் எல்லாரும் கூடி விவாதித்து, வாக்களித்து, ஒருவரை வெளியேற்றுவார்கள். திருடன் போலீஸ் சீட்டு விளையாட்டில் முகத்தைப் பார்த்து ஊகிப்பதோடு விஷயம் முடிந்துவிடும். இங்கோ முகம் பொய்யுரைக்கும், வாக்கு சாட்சி சொல்லும்.

துரோகியின் யுக்தியைக் கவனியுங்கள். அவன் முதல் கையாகவும் உயர்த்தமாட்டான், கடைசிக் கையாகவும் உயர்த்தமாட்டான். நாலு கை எழுந்தபின் ஐந்தாவதாகச் சேர்ந்துகொள்வான். கூட்டாளியோடு ஒரே பெயரைச் சொல்வதைத் தவிர்ப்பான். கூட்டாளி அகப்படுவது நிச்சயம் என்று தெரிந்தால், எல்லாரையும்விட உரக்க அவனையே குற்றஞ்சாட்டித் தனக்கு யோக்கியன் என்ற பெயரைச் சம்பாதித்துக்கொள்வான். இவ்வாறு இரண்டு பகலும் நிரபராதிகளே வெளியேறி, இரண்டு இரவும் கழிந்துவிட்டால், மிஞ்சுபவர் ஐவர், மூன்று வாக்கில் தீர்ப்பு, துரோகிகள் இருவர். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நல்லவனின் கை! அது கிடைத்ததும் இருபுறமும் இருவர் என்றாகி, துரோகிகளின் வெற்றியோடு ஆட்டம் முடிகிறது. 2008இல் இவ்வாட்டத்தை ஆராய்ந்த கணித நிபுணர்கள், ஆடுபவர் தொகையின் வர்க்கமூல அளவில் துரோகிகள் இருந்தாலே இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒத்த பலம் உண்டாகும் என்று நிரூபித்தார்கள். ஆட்கள் பெருகப் பெருக, துரோகிகளுக்கு வேண்டிய விகிதம் குறைந்துகொண்டே போகிறது என்பது இதன் பொருள். பெரிய சபை என்பதனாலேயே அது பாதுகாப்பான சபை ஆகிவிடாது.

ஆகவே, யார் முகம் வெளிறியது, யார் அதிகம் பேசினான், யார் எந்தத் தெருக்காரன் என்று பார்ப்பது வீண். யார் யாருக்கு எதிராக, எந்த வரிசையில் கைதூக்கினான் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். முடிவு தீர்ந்தபின் விழுந்த வாக்குக்கு மதிப்பில்லை; இரண்டு பெயர்கள் சமமாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது விழுந்த வாக்கையே மறுநாள் கேள்வி கேட்க வேண்டும். இன்னும் ஒரு உபாயம் உண்டு: ஒருவர் கையைப் பார்த்து மற்றவர் கைதூக்காதபடி, அவரவர் தம் பெயரையும் தாம் சந்தேகிப்பவர் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுக்க, எல்லாச் சீட்டையும் ஒருங்கே பிரிப்பது. துரோகி ஒதுங்கி நிற்கும் ஐந்தாவது இடம் அப்போது இல்லாமற் போகிறது.

பிள்ளைகள் பொழுதை வீணாக்குகிறார்கள் என்று கடிந்துகொள்ளும் பெரியவர்களையும், நம் பள்ளி ஆசிரியர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அவர்கள் ஆடட்டும், ஆட்டம் முடிந்தவுடன் எழுந்து போய்விடாமல், அந்த வாக்குத்தாளை நடுவில் விரித்து, தன் கை எந்த நேரத்தில் ஏன் எழுந்தது என்று ஒவ்வொரு நிரபராதியும் வாய்திறந்து சொல்லும்படி கால் மணி நேரம் அவர்களை உட்கார வையுங்கள்.