தூண்கள் தண்ணீருக்குள் போகட்டும்!

குழந்தைகளே, மீனே இல்லாத ஏரி ஒன்று உண்டு, தெரியுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் மோனோ ஏரிதான் அது. கடலைவிட இரண்டு மடங்குக்கு மேல் உப்பு! இறங்கினால் உடம்பு தக்கை மாதிரி மிதக்கும். கண்ணில் பட்டாலோ, அப்பப்பா, எரிச்சல்! மீன்கள் வாழாத அந்தத் தண்ணீரில் குட்டி இறால்கள் மட்டும் கோடானுகோடி. அவற்றைத் தின்னப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வரும்.

சுற்றுலா வருபவர்கள் முதலில் தேடுவது கரையில் நிற்கும் சுண்ணாம்புத் தூண்களைத்தான். ஏரிக்கு அடியில் உள்ள ஊற்று நீரில் கால்சியம் இருக்கிறது. அது ஏரி நீரில் உள்ள கார்பனேட்டுடன் சேர்ந்து கல்லாகிறது. அதாவது, இந்தத் தூண்கள் தண்ணீருக்குள்தான் வளரும்.

அப்படியானால் கரைக்கு எப்படி வந்தன? தூண்கள் நகரவில்லை, தண்ணீர்தான் இறங்கிவிட்டது! 1941 முதல், ஏரிக்கு வரும் ஓடைகளைத் தொலைவில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரம் திருப்பிக்கொண்டது. 1982-க்குள் நீர்மட்டம் சுமார் 45 அடி குறைந்தது. கடற்காகங்கள் முட்டையிடும் தீவுக்குத் தரைவழி உண்டாகி, 1979-ல் நரி போன்ற கயோட்டிகள் நடந்தே போய்விட்டன. பாவம், குஞ்சுகள்!

1976-ல் சில கல்லூரி மாணவர்கள் ஏரியை ஆராய்ந்து ஆபத்தை எடுத்துச் சொன்னார்கள். வழக்கும் நடந்தது. கடல் மட்டத்திலிருந்து 6,392 அடி உயரத்துக்கு ஏரி நிரம்ப வேண்டும் என்று 1994-ல் மாநில நீர் வாரியம் உத்தரவிட்டது. 30 ஆண்டுகள் கழித்து, 2024-லும் அந்த அளவு வரவில்லை.

"நகர மக்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வேண்டும்தான். ஆனால் அந்த நகரத்தில் குறைவாகத் தண்ணீர் கொட்டும் கழிப்பறைத் தொட்டிகளை வீடு வீடாக மாட்டியே நிறைய மிச்சப்படுத்தினார்கள். வழி இல்லாமல் இல்லை!

"ஏரி நிரம்பினால் தூண்கள் முழுகிவிடுமே, அப்புறம் எதைப் படம் பிடிப்பது?" இதையும் கேட்பீர்கள். எனக்கும் அந்தத் தூண்கள் பிடிக்கும். ஆனாலும் கரையோரத் தூண்கள் முழுகட்டும் என்றே சொல்வேன். கரையில் நிற்கும் தூண் இனி வளராது. ஊற்று இருக்கும் இடத்தில், தண்ணீருக்குள் இருந்தால் வளரும். கோடையில் இறால்கள் பாசியைத் தின்றுவிடுவதால் ஏரி தெளிந்திருக்கும். குஞ்சுகள் உள்ள தீவுகளை விட்டு விலகிப் படகில் போய், குனிந்து பாருங்கள். தூண்கள் அடியில் தெரியும்.